ஸ்கான் கிளியர், தலை இன்னும் கிளியர் இல்லை

மட்டக்களப்பில் மோட்டார் சைக்கிளில் விழுந்த ஆள் ஒருவராவது இல்லாத வீடு இருக்கலாம். விழுந்த சொந்தக்காரர் இல்லாத வீடு இருக்காது. விழுந்தவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். சீ.ரீ. ஸ்கான் எடுத்து, ஓர் இரவு வார்ட்டில் வைத்துப் பார்த்து, மறுநாள் துண்டு வெட்டி அனுப்புவார்கள். பார்க்க வருகிற எல்லோருக்கும் வாசலிலேயே செய்தி சொல்லப்படும்: "ஸ்கான் கிளியராம், ஒண்டுமில்லையாம்." நாலாம் நாள் அவர் கடைக்குப் போவார். வெயிலில் நின்றால் தலை இடிக்கும், மிச்சக் காசு கொடுக்கும்போது கணக்குப் பிழைக்கும், பிள்ளைகள் சத்தம் போட்டால் எரிந்து விழுவார். அப்போது வேறு பேச்சு தொடங்கும்: "விழுந்ததைச் சாட்டிப் படுக்கப் பார்க்கிறார்."

ஸ்கானில் பிழை இல்லை. மண்டையோடு வெடித்திருக்கிறதா, உள்ளே இரத்தம் கசிகிறதா, சத்திரசிகிச்சை வேண்டுமா என்று பார்க்கத்தான் அதை எடுக்கிறார்கள். உயிரை எடுக்கும் ஆபத்துகள் அவை என்பதால் முதலில் அதைப் பார்ப்பதே சரி. ஆனால் கன்கஷன் எனப்படும் மூளையதிர்ச்சியில் உடைவும் கசிவும் பெரும்பாலும் இருக்காது. நரம்புக் கலங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். அவை வேலை செய்யும் முறையும், அவற்றுக்குச் சாப்பாடு கொண்டுவரும் இரத்த ஓட்டமும்தான் குழம்பிப் போயிருக்கும். சாதாரண ஸ்கானில் அந்தக் குழப்பம் தெரியாது.

மூளை மிக மென்மையானது. தலை திடீரென்று சுழலும்போது மண்டையோடு முதலில் திரும்பும், மூளை பிந்தித் திரும்பும். அந்த இடைவெளியில் நரம்பிழைகள் இழுபடுகின்றன. 1943இல் ஒக்ஸ்போர்ட்டைச் சேர்ந்த பௌதிகவியலாளர் ஹோல்போர்ன் ஜெலட்டினில் மூளை மாதிரி செய்து இதைக் காட்டினார்: நேராக வரும் தள்ளலைவிடச் சுழற்சியே மூளையை அதிகம் குலைக்கிறது. ஆகவே தலை எதிலும் முட்டாமலே, கழுத்து வெட்டி இழுபட்டாலும் கன்கஷன் வரலாம். "ஹெல்மட் போட்டிருந்தவன், தலைக்கு ஒண்டும் வந்திருக்காது" என்ற கணக்கும் இங்கேதான் பிழைக்கிறது. மோட்டார் சைக்கிள் ஹெல்மட் இறப்பைச் சுமார் 42 வீதமும் தலைக்காயத்தைச் சுமார் 69 வீதமும் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த முடிவு. அதைவிட நல்ல காப்பு வேறில்லை. மண்டையோடு உடைவதை அது நன்றாகத் தடுக்கும், சுழற்சியை அந்தளவுக்குத் தடுக்காது. (வாரைப் பூட்டாமல் முழங்கையில் தொங்கவிட்டு, பொலிசைக் கண்டதும் தலையில் கவிழ்ப்பவர்களுக்கு இந்த 42உம் இல்லை, 69உம் இல்லை.)

இழுபட்ட கலத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கிசா, ஹொவ்டா என்ற இருவர் 2001இல் ஒழுங்காக எழுதிவைத்தார்கள். இன்றும் அந்த வரைபடத்தை வைத்துத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். கலச் சுவர் கசிகிறது. பொட்டாசியம் வெளியே போகிறது, கல்சியம் உள்ளே வருகிறது, கலங்களைத் தூண்டிவிடும் குளுட்டமேட் என்ற இரசாயனம் கொட்டுகிறது. இதை மறுபடி ஒழுங்குக்குக் கொண்டுவரக் கலத்தின் பம்பிகள் முழு மூச்சில் ஓடவேண்டும். அதற்குக் குளுக்கோசு வேண்டும், அதுவும் வழமையைவிட அதிகமாக. அந்த நேரம் பார்த்து மூளைக்கு வரும் இரத்தம் குறைகிறது. ஆய்வுகூட விலங்குகளில் பாதியளவுக்கு இறங்கியதைக் கண்டிருக்கிறார்கள்.

சாதாரண நாளில் மூளை எவ்வளவு இரத்தம் குடிக்கிறது என்று தெரிந்தால் இந்தக் குறைவின் பாரம் விளங்கும். உடல் எடையில் 2 வீதமே உள்ள இந்த உறுப்பு உடலின் ஒட்சிசனில் சுமார் 20 வீதத்தை எடுத்துக்கொள்கிறது. 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்கு 50 மில்லிலீற்றர், மொத்தமாக நிமிடத்துக்கு முக்கால் லீற்றர் அளவு இரத்தம் ஓடவேண்டும். மூளையிடம் சேமிப்பு என்று எதுவும் இல்லாத படியால் ஓட்டம் முழுதாக நின்றால் சில விநாடிகளில் நினைவு போய்விடும்.

அளவு மாத்திரம் போதாது, பங்கீடும் வேண்டும். வாசிக்கும்போது ஒரு பகுதிக்கும், பந்தைப் பார்த்து ஓடும்போது இன்னொரு பகுதிக்கும் கூட இரத்தம் போகவேண்டும். வேளாண்மைக் காலத்தில் எந்த வட்டைக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்று வட்டவிதானையார் பார்த்துத் திறந்துவிடுவதைப் போல, வேலை செய்யும் பகுதியைப் பார்த்துச் சிறு நாளங்கள் விரிந்து கொடுக்கின்றன. இரத்த அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் மூளைக்குப் போகும் அளவு குலையாமல் பார்ப்பதும் அதே நாளங்கள்தான். கன்கஷனுக்குப் பிறகு குளத்தில் தண்ணீர் இருக்கும், வாய்க்காலும் இருக்கும், வட்டவிதானையார்தான் படுத்துக்கிடப்பார். குனிந்து நிமிர்ந்தால் கிறுதி வருவதும், ஒரு பக்கம் வாசித்தால் தலை கனப்பதும், சந்தைச் சத்தம் தாங்கமுடியாமல் போவதும் இதனோடு தொடர்புள்ளவை.

இதை உயிருள்ள மனிதரில் எப்படி அளக்கிறார்கள்? 1982இல் வந்த ஒரு முறை, மண்டையோட்டின் மெல்லிய பகுதி வழியே ஒலியலையை அனுப்பி, பெரிய நாளத்தில் இரத்தம் ஓடும் வேகத்தைப் பார்ப்பது. இன்னொன்று எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில், ஊசிமருந்து எதுவும் ஏற்றாமல், ஓடும் இரத்தத்தையே காந்தத்தால் அடையாளமிட்டு அது எங்கே போய்ச் சேருகிறது என்று பார்ப்பது. இந்த இரண்டாவது முறையில் கிடைத்த முடிவுகள்தான் விளையாட்டு மருத்துவத்தைக் கொஞ்சம் உலுக்கியவை. 2016இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கன்கஷன் வந்த அமெரிக்கன் ஃபுட்போல் வீரர்களை முதல் 24 மணித்தியாலத்துக்குள் ஒருமுறையும் எட்டாம் நாள் ஒருமுறையும் பார்த்தார்கள். எட்டாம் நாள் தலையிடி இல்லை, ஞாபகச் சோதனைகளில் பிழை இல்லை. ஆனால் மூளையின் இரத்த ஓட்டம் முதல்நாளைவிடக் குறைந்திருந்தது. அதற்கு முந்திய ஆண்டு வந்த இன்னொரு ஆய்வில், பெரும்பாலானவர்களின் ஓட்டம் ஒரு மாதத்தில் வழமைக்குத் திரும்பியது. யாருக்குக் குணமாக அதிக நாள் பிடித்ததோ அவர்களின் மூளையில் ஒரு குறிப்பிட்ட பகுதிக்கு ஓட்டம் இன்னும் குறைவாக இருந்தது. 11 முதல் 15 வயதுப் பிள்ளைகளைப் பார்த்த சிறிய ஆய்வொன்றில் ஒரு மாதம் கடந்தும் சிலருக்கு ஓட்டம் சரிவரவில்லை.

தலையிடி நிற்கும் நாளும் மூளை தேறும் நாளும் ஒரே நாள் இல்லை என்பதுதான் இவற்றின் சாரம். முதலாவது முந்தி வருகிறது. அந்த இடைவெளிதான் ஆபத்தானது, ஏனென்றால் பிள்ளை "எனக்குச் சுகம்" என்று உண்மையாகவே சொல்லும் நாட்கள் அவை. அப்போது இரண்டாவது அடி விழுந்தால், ஏற்கெனவே தட்டுப்பாட்டில் கிடக்கும் கலத்துக்கு மறுபடி அதே செலவு. மிக அரிதாக, நாளங்கள் கட்டுப்பாட்டை முற்றாக இழந்து, இரத்தம் உள்ளே பெருகி, மூளை நிமிடக் கணக்கில் வீங்கி மரணம் நேர்கிறது. 1984இல் இப்படியொரு மரணத்தை விவரித்து அமெரிக்க மருத்துவர் இருவர் எழுதினார்கள். முதல் அடி உண்மையில் எவ்வளவு காரணம் என்பதில் நிபுணர்களிடையே இன்னும் வாதம் இருக்கிறது. கனடாவில் 2013இல் 17 வயது றக்பி அணித்தலைவி ரோவன் ஸ்ட்ரிங்கர் ஒரு வாரத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தலையில் அடிபட்டு இறந்தபோது, ஒன்ராறியோ மாகாணம் அந்த வாதம் முடியும்வரை காத்திருக்கவில்லை. 2018இல் அவளுடைய பெயரிலேயே சட்டம் கொண்டுவந்தது. கன்கஷன் என்று சந்தேகம் வந்தாலே பிள்ளையை ஆட்டத்தில் இருந்து எடுக்கவேண்டும், மருத்துவர் சொல்லாமல் திரும்ப விடக்கூடாது.

நம் மைதானங்களில் இந்தச் சந்தேகம் எப்படித் தீர்க்கப்படுகிறது? பாடசாலை உதைபந்தாட்ட மெட்ச் ஒன்றில் பார்த்ததைச் சொல்கிறேன். கோர்னர் பந்துக்குப் பாய்ந்த இரண்டு பொடியன்களின் தலை மோதியது. ஒருவன் எழும்பிவிட்டான், மற்றவன் கொஞ்ச நேரம் கிடந்தான். ஒரு போத்தல் தண்ணீரைத் தலையில் ஊற்றி, இரண்டு விரலைக் காட்டினார் சேர்.

"இது எத்தின?"

"ரெண்டு, சேர்."

"ஆ, சரி. ஓடு மனே."

ஓடினான். எதிரணியின் பின்வரிசையில் போய் நின்றான். கூட்டாளி ஒருவன் சட்டையைப் பிடித்து இழுத்து, "டேய், நம்மட பக்கம் அங்காலடா" என்றபோது மைதானமே சிரித்தது. அவனும் சிரித்தான்.

விரலை எண்ணுவது கண் சோதனை. மூளை குழம்பியிருக்கிறதா என்று பார்க்க அவுஸ்திரேலியாவில் 1995இல் சோதித்துப் பார்த்த கேள்விகள் வேறு: இப்போது எந்த மைதானத்தில் நிற்கிறோம், இது முதற்பாதியா இரண்டாம் பாதியா, கடைசிக் கோல் யார் போட்டது, போன மெட்ச் யாரோடு, வென்றோமா தோற்றோமா. வெபர் மைதானத்தில் நின்றுகொண்டு அது வெபர் மைதானம் என்று சொல்லத் தடுமாறும் பிள்ளையை ஆட்டத்தில் இருந்து எடுக்க டொக்டர் பட்டம் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் சரியான பதில் சொன்னாலும் சந்தேகம் இருந்தால் வெளியேதான். பெரிய கிரிக்கெட்டே இந்த இடத்துக்கு மெதுவாகத்தான் வந்தது. 2019 பெப்ரவரியில் கன்பராவில் பட் கமின்ஸின் பந்து பட்டு டிமுத் கருணாரத்ன ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகப்பட்டதை நம்மில் பலர் டீவியில் பார்த்தோம். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்து, மறுநாள் திரும்பவும் துடுப்பெடுத்து 59 ஓட்டம் எடுத்தார். அந்த ஓகஸ்டில்தான் கன்கஷன் வந்த வீரருக்குப் பதில் வீரரை இறக்கும் விதியை ஐ.சி.சி. நடைமுறைப்படுத்தியது. விதி இல்லாத காலத்தில் ஒரு வீரர் வெளியேறினால் அணி ஒரு ஆள் குறைய ஆடவேண்டும். அந்த நெருக்கடியில் "எனக்குச் சுகம்" என்று சொல்லாதவர் யார்?

முதல் இரவைப் பற்றி ஒரு பழைய பயம் இருக்கிறது: தலையில் அடிபட்டவரைத் தூங்க விடக்கூடாது. அது தேவையில்லை. மருத்துவர் பார்த்துவிட்டார், நன்றாகப் பேசுகிறார் என்றால் தூங்கவிடுங்கள். தேற நித்திரை வேண்டும். பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும். தலையிடி கூடிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப சத்தி எடுத்தால், வலிப்பு வந்தால், ஒரு கண்ணின் கருமணி மற்றதைவிடப் பெரிதாக இருந்தால், கை கால் ஒரு பக்கம் சோர்ந்தால், எழுப்ப எழும்பாவிட்டால் விடியும்வரை பார்க்கக்கூடாது. மண்டையோட்டுக்குக் கீழே நாளம் வெடித்தவர் சில மணித்தியாலம் தெளிவாகப் பேசிவிட்டுப் பிறகு சரிவதுண்டு. படுவான்கரையில் இருந்து வாவியைத் தாண்டி வரவேண்டியவர்கள் இதைக் கணக்கில் எடுத்து, யோசிக்காமல் 1990ஐ அழைப்பது நல்லது, அம்புலன்ஸுக்குக் காசில்லை. வலிக்குப் பனடோல் எடுக்கலாம். அஸ்பிரினும் அதைப் போன்ற வலிமாத்திரைகளும் இரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை, ஆரம்பத்தில் வேண்டாம். சாராயம் அறவே வேண்டாம்.

அடுத்த நாளில் இருந்துதான் மருத்துவமே தலைகீழாக மாறியிருக்கிறது. முன்பு இருட்டறையில் படு, குணமாகும்வரை அசையாதே என்றார்கள். 2015இல் விஸ்கொன்சினில் ஒரு குழுவை ஐந்து நாள் முழு ஓய்விலும் இன்னொரு குழுவை ஓரிரு நாள் ஓய்விலும் வைத்துப் பார்த்தபோது, ஐந்து நாள் படுத்தவர்களே கூடுதல் நாட்களுக்குக் கூடுதல் அறிகுறிகளைச் சொன்னார்கள். இப்போதைய பரிந்துரை, 2022இல் அம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் சொன்னது: 24 முதல் 48 மணித்தியாலம் அளவான ஓய்வு, வீட்டுக்குள் நடமாடலாம், லேசாக நடக்கலாம். அந்த இரண்டு நாளும் போனைக் குறைக்கவேண்டும். 12 முதல் 25 வயதுக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வில், முதல் 48 மணித்தியாலம் திரையைத் தவிர்த்தவர்கள் மூன்றரை நாளிலும், தவிர்க்காதவர்கள் எட்டு நாளிலும் தேறினார்கள். நம் ஊரில் படுத்துக் கிடக்கும் பிள்ளைக்கு முதலில் கையில் கொடுப்பதே போனைத்தான்.

பிறகு உடற்பயிற்சி. நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஜோன் லெடியும் பரி வில்லரும் செய்த வேலை இந்த விடயத்தில் எனக்கு மிகப் பிடித்தது, ஏனென்றால் அதில் விலையுயர்ந்த எதுவும் இல்லை. நோயாளியை ட்ரெட்மில்லில் நடக்கவிட்டு, ஒவ்வொரு நிமிடமும் ஏற்றத்தைக் கூட்டி, எந்த நாடித்துடிப்பில் தலையிடியோ கிறுதியோ கூடுகிறது என்று பார்க்கிறார்கள். 150இல் தொடங்குகிறது என்றால், அதன் 80 வீதமான 120ஐத் தாண்டாமல் தினமும் 20 நிமிடம் பயிற்சி. 2019இல் 103 வளரிளம் பருவத்தினரில் இதைச் சோதித்தபோது, பயிற்சி செய்தவர்கள் 13 நாளிலும், வெறுமனே உடலை நீட்டி மடக்கியவர்கள் 17 நாளிலும் குணமானார்கள்.

ஏன் வேலை செய்கிறது? நீண்ட நாள் தேறாத வீராங்கனைகள் சிலரை அதே குழு ஆராய்ந்தபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. ஓடும்போது அவர்கள் தேவையான அளவு மூச்சு வாங்கவில்லை. இரத்தத்தில் காபனீரொட்சைட்டு ஏறியது. காபனீரொட்சைட்டு ஏறினால் மூளை நாளங்கள் விரியும், ஓட்டம் தேவைக்கு மேல் கூடும், தலை இடிக்கும். படிப்படியான பயிற்சிக்குப் பிறகு மூச்சும் ஓட்டமும் வழமைக்கு வந்தன. ஆக, படுத்திருக்கும்போது குறைந்து கிடப்பதும் ஓடும்போது மிதமிஞ்சுவதும் ஒரே கோளாறின் இரண்டு பக்கம்.

ட்ரெட்மில் இல்லாவிட்டால் கல்லடிக் கடற்கரை வீதி இருக்கிறது. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, வெயில் தாழ்ந்த பிறகு, கூட ஒருவரோடு நடந்து, இடையில் நின்று மணிக்கட்டில் நாடியை எண்ணலாம். பத்துக்கு இத்தனை என்று தலையிடிக்குப் புள்ளி கொடுங்கள். நடக்கும்போது இரண்டு புள்ளி வரை கூடி ஒரு மணித்தியாலத்துக்குள் அடங்கினால் பரவாயில்லை, அதற்கு மேல் போனால் அன்றைக்கு நிறுத்தவேண்டும். நடை, மெல்லோட்டம், தனியாகப் பந்தோடு பயிற்சி, அணியோடு மோதலில்லாத பயிற்சி, மருத்துவர் அனுமதித்த பிறகு முழுப் பயிற்சி, கடைசியில் மெட்ச். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். முழு ஆட்டத்துக்குத் திரும்பச் சராசரியாக 20 நாள் அளவு பிடிக்கிறது. படிப்பும் இப்படித்தான். ஓ.எல். பிள்ளையை மூன்றாம் நாளே காலையில் பாடசாலை, பின்னேரம் இரண்டு ரியூசன் என்று ஓட்டிவிட்டு, "புள்ளைக்குப் படிப்பில கவனமில்ல" என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை.

கன்கஷன் அளவுக்குப் போகாத சிறு அடிகளின் கதை இதைவிடச் சிக்கலானது. பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கன்கஷன் வராத பாடசாலை உதைபந்தாட்ட வீராங்கனைகளை ஒரு பருவம் முழுக்கப் பார்த்தபோது, தலையில் அதிக சுமை வாங்கியவர்களின் மூளை நாளங்கள் விரியும் திறன் மாதக்கணக்கில் குறைந்திருந்தது. வேல்ஸ் தொழில்முறை றக்பி வீரர்களிலும் ஒரே பருவத்தில் இதைப் போன்றதைக் கண்டார்கள். நாளங்களை விரியச் செய்யும் நைத்திரிக் ஒட்சைட்டு குறைந்துபோவதை அதன் காரணமாகச் சொல்கிறார்கள். பல ஆண்டுகள் அடி வாங்கிய குத்துச்சண்டை வீரர்களின் தள்ளாட்டத்தை 1928இலேயே ஹரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதியிருக்கிறார். இன்று சீ.ரீ.ஈ. என்று அழைக்கப்படும் அந்த நோயில், டௌ என்ற புரதம் மூளை மடிப்புகளின் ஆழத்தில், அதுவும் சிறு இரத்த நாளங்களைச் சுற்றித்தான் முதலில் படிகிறது. இறந்த பின் மூளையை வெட்டிப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லமுடியும். ஸ்கொட்லாந்தின் முன்னாள் தொழில்முறை உதைபந்தாட்ட வீரர்கள் நரம்புச் சிதைவு நோய்களால் இறப்பது மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகம் என்று 2019இல் தெரியவந்ததும், அடுத்த பெப்ரவரியிலேயே இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளின் பயிற்சியில் தலையால் அடிப்பதை நிறுத்தச் சொல்லின. இங்கே மாரியில் ஊறிக் கனத்த பந்தைப் பத்து வயதுப் பிள்ளை தலையால் அடிக்கவில்லையென்றால் பயந்தவன். பயிற்சியில் அதை விட்டால் எந்த அணியும் தோற்றுவிடாது என்பது என் எண்ணம்.

விளையாட்டைப் பற்றியே இவ்வளவு ஆய்வு இருப்பதால் திரும்பத் திரும்ப அடி என்றால் வீரர்களே நினைவுக்கு வருகிறார்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தலையில் அதிக தடவை அடி வாங்குகிறவர்களில் வீட்டுக்குள் இருக்கும் பெண்களும் உண்டு. சுவரோடு மோதுவது, கன்னத்தில் அறைவது, முடியைப் பிடித்து உலுக்குவது எல்லாமே தலையைச் சுழற்றும் அடிகள். ஓய்வு நாள், படிப்படியான திரும்புகை எதுவும் இல்லாமல் அடுத்த அடி வரும். கழுத்தை நெரித்தால் மூளைக்குப் போகும் ஓட்டமே நேரடியாக அடைபடுகிறது. சில விநாடியில் கண் இருண்டுவிடும். வெளியே தழும்பு தெரியாமல் கழுத்து நாளத்தின் உட்சுவர் கிழிந்து, நாட்கள் கழித்துப் பக்கவாதம் வருவதும் உண்டு. ஆஸ்பத்திரிக்கு வந்தால் "கிணத்தடியில வழுக்கி விழுந்திட்டன்" என்று துண்டில் எழுதப்படும். தலையிடியும் மறதியும் மாதக்கணக்கில் தொடர்ந்தால் யோசனை கூடிவிட்டது என்பார்கள். துணைக்கு வந்தவரை வெளியே நிறுத்திவிட்டு, தலையில் அடித்தாரா, கழுத்தைப் பிடித்தாரா, அப்போது கண் இருண்டதா, பிறகு குரல் கம்மியதா என்று கேட்டால் பதில் வரும். கழுத்தைப் பிடித்தது உறுதியானால், தலை ஸ்கானோடு நிறுத்தாமல் கழுத்து நாளங்களையும் பார்க்கவேண்டியிருக்கும். அரச ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இதற்கென்றே நட்பு நிலையம் என்ற பிரிவு இயங்குகிறது. தொலைபேசியில் பேசப் பெண்களுக்கான 1938 இலக்கம் இருக்கிறது.